பிறந்தநாள் கேக்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அருமைச் சிநேகிதியின் பிறந்தநாளுக்கென்று, சர்க்கரைப் பூக்களும் கொடிகளுமாக அலங்கரித்த அடுக்குக் கேக் ஒன்றைத் தம் கையாலேயே செய்து கொடுக்க விரும்பி, சிங்கப்பூரின் கிளமெண்டி வட்டாரத்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் சிரத்தையோடு முனைவோர் பலர், பாதி வேலையில் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். குளிர்தேசத்துச் சமையற்குறிப்புகளை, நம் சீதோஷ்ணத்தை எண்ணிப் பாராமல், அப்படியே பிரமாணமாகக் கொள்வதே இதற்குக் காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம்பிக்கை: வெண்ணெயை இரண்டு மணி நேரம் வெளியே வைத்த பிறகே அடிக்க வேண்டும்.

உண்மை: இது 20 டிகிரி செல்சியஸ் அளவிலிருக்கும் சமையலறைக்குப் பொருந்தும் விதி. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். அதற்கு வெகுமுன்னரே மிதமிஞ்சி இளகி, காற்றைத் தன்னுள் பிடித்துவைக்கும் சக்தியையும் இழந்துவிடும். நண்பகலில் 31, 32 டிகிரியைத் தொடும் சிங்கப்பூரில் கடிகாரத்தை நம்புவதைவிட விரலை நம்புவதே உத்தமம்: அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக்கூடாது. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், குளிர்சாதன வசதியின்றி நடக்கும் விருந்தாயின், வெண்ணெயில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கெட்டியான தாவரக் கொழுப்பைச் சேர்ப்பது அலங்காரத்தைக் காக்கும்.

நம்பிக்கை: ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரைப் பூச்சைப் போர்த்திய கேக்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அதன் அழகு குலையாது.

உண்மை: சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் இவ்வூரில், குளிர்ந்த கேக்கை வெளியே எடுத்த சிறிது நேரத்தில் காற்றிலுள்ள நீராவி அதன்மேல் முத்துமுத்தாகப் படிய, சர்க்கரை அதை உறிஞ்சிப் பிசுபிசுத்து, தீட்டிய வர்ணமும் வழியத் தொடங்கும். உள்ளே பாலேடு இருப்பதால் குளிரில் வைப்பது அவசியமாயின், கேக்கை இறுக மூடிய பெட்டிக்குள் வைத்து, வெளியே எடுத்தபின் குளிர் தணியும்வரை திறவாதிருந்தால், ஈரம் பெட்டியின்மேல் படியுமேயன்றிக் கேக்கின்மேல் படியாது.

நம்பிக்கை: முட்டை சேர்க்காத கேக், சைவச் சிநேகிதிக்கு ஏற்றதுதான்.

உண்மை: சோடா உப்பும் தயிரின் புளிப்பும் கூடிப் பிறக்கும் கரியமில வாயுவே மாவை எழுப்பிவிடுமாதலால் முட்டையைத் தவிர்ப்பது எளிது, கவனம் வேண்டியது அலங்காரத்தில்தான். மார்ஷ்மெல்லோவிலும் சிலவகை ஃபாண்டன்டிலும் சேரும் ஜெலட்டின், பிராணிகளின் தோலிலும் எலும்பிலுமிருந்து வருவது. ஈ120 எனக் குறிக்கப்படும் செஞ்சாயம் பூச்சியிலிருந்து எடுப்பது. ஜெல்லிக்கு அகர் அகர் இருக்கிறது. அது கடற்பாசியில் பிறந்தது, நம் வெயிலுக்கும் உருகாதது.

நம்பிக்கை: ‘நச்சற்றது’ என்று அச்சிட்ட மினுக்குத் தூளைக் கேக்கின்மேல் தூவலாம்.

உண்மை: கைவேலைக்கான பிளாஸ்டிக் துகளுக்கும் அந்த முத்திரை உண்டு. ‘உண்ணத்தக்கது’ என்ற குறிப்பும், சேர்பொருள்களின் பட்டியலும் இல்லாத எதையும் கேக்கில் இடலாகாது.

ஆதலால், அலங்காரத்தைத் தேர்ந்தெடுக்குமுன் கேட்டறிய வேண்டியவை இரண்டு: சிநேகிதி எவற்றை உண்ணமாட்டாள், கேக் எவ்வளவு நேரம் வெளியே இருக்கப்போகிறது. இவற்றிற்கு விடை தெரிந்துகொண்டு தொடங்குகிறவருடைய பிரயாசை வீண்போகாது.