இரு துறை வல்லார்

வில்லியனூர், பாகூர் முதலிய ஊர்களில் அறுவடை முடிந்த வயல்களிற் சிறுவர் சடுகுடு ஆடுவதைக் காணலாம். அவ்வாட்டத்தில் பாடிச் செல்பவனே தன் எல்லைக்குள் மீண்டதும் பிடிப்பவனாகவும் நிற்றல் வேண்டும். தாக்குதல், காத்தல் ஆகிய இரண்டும் கைவரப்பெற்றவனே அணிக்குத் தூணாவான். ஓர் ஆட்டத்தில் இவ்விரண்டும் வாய்த்தலே அரிது. வெவ்வேறான இரண்டு ஆட்டங்களில் நாட்டின் சார்பில் ஆடும் தகுதி பெறுதல் அதனினும் அரிது. அப்பேறு பெற்றவர் எம். ஜே. கோபாலன்.

செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் 1909ஆம் ஆண்டு பிறந்த இவர், சென்னைத் திருவல்லிக்கேணியில் வளர்ந்தார். கிரிக்கெட்டு ஆட்டத்தில் விரைந்து பந்து வீசுவதோடு மட்டை பிடித்து ஓட்டங்கள் சேர்க்கவும் வல்லவராய் விளங்கினார். 1934 சனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்தை எதிர்த்து இந்திய அணியில் ஆடினார். அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டி தொடங்கியது. சென்னையும் மைசூரும் மோதிய அவ்வாட்டத்தின் முதற் பந்தை, அஃதாவது அக்கோப்பையின் வரலாற்றிலேயே முதற் பந்தை, வீசிய கை கோபாலனுடையது. ஒரே நாளில் முடிவுற்ற அவ்வாட்டத்தில் சென்னை வென்றது.

வளைகோற் பந்தாட்டத்திலும் அவர் பெயர் பெற்றார். 1935ஆம் ஆண்டு தியான்சந்துடன் இந்திய அணியினராய் நியூசிலாந்து சென்று ஆடினார்.

மறு ஆண்டு அவருக்குச் சோதனை வந்தது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக் செல்லும் வளைகோல் அணியில் சேரும் வாய்ப்பும், இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட்டு அணியில் ஆடும் வாய்ப்பும் அவர்முன் நின்றன. பின்னதன் பயணம் கோடை முழுவதும் நீள்வது. ஒலிம்பிக்கோ ஆகஸ்டு மாதத்தில் நிகழ்வது. ஆதலின் இரண்டிற் செல்லுதல் இயலாததாயிற்று. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்து கப்பலேறினார்.

இங்கிலாந்தில் நடந்த மூன்று டெஸ்டு ஆட்டங்களுள் ஒன்றிலேனும் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பெர்லினிலோ ஆகஸ்டு 15ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் இந்தியா செருமனியை எட்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்று பொற்பதக்கம் கொண்டது. கல்கத்தாவில் ஆடிய அந்த ஒன்றே அவருடைய டெஸ்டு ஆட்டமாக நின்றுவிட்டது.

எனினும் அவர் ஆடுகளத்தைத் துறந்தாரல்லர். ஊர் திரும்பியபின் பல ஆண்டுகள் சென்னை அணிக்காக ஆடினார். அதன் தலைவராகவும் விளங்கினார். பின்னர்ச் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே நிகழ்ந்த போட்டிக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றுக் 'கோபாலன் கோப்பை' என வழங்கிற்று. அவர் 2003 திசம்பரில் மறைந்தார்.

இரு வழிகள் எதிர்ப்படுங்கால் ஒன்றைத் தேர்தல் நம் கையில் உள்ளது. அதன் பயன் முழுதும் நம் கையில் இல்லை. கருதிய பயன் கிட்டாதபோதும் ஏற்ற தொழிலைத் தளராது ஆற்றுதலே ஆண்மையாகும். பதக்கம் பெறாத கோபாலனின் வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவே.