மஞ்சள் மாத்திரையும் வெள்ளை மாத்திரையும்

"டாக்டர், மஞ்சள்தானே? நாம தினமும் சாம்பார்ல போடறதுதானே? இதனால என்ன ஆயிடப் போறது?"

கேட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கையில் ஒரு துணிப்பை. அதில் ஒரு பக்கம் ஆஸ்பத்திரி ஃபைல், இன்னொரு பக்கம் அமெரிக்காவிலிருந்து மகன் வாங்கி வந்த மஞ்சள் கேப்சூல் பாட்டில். ஆறு வருஷமாக அவருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உட்சுவரில் புண்ணும் அழற்சியும். மெசலமின் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். எட்டு மாதமாக ரத்தமும் இல்லை, கடுப்பும் இல்லை. "வாழ்நாள் பூரா மாத்திரை போடணுமா? இந்த மஞ்சளுக்கு மாறிடறேனே" என்றார். நாத்தனார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவையும் காட்டினார்.

சித்த வைத்தியரிடம் போனால் "இங்கிலீஷ் மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்" என்று சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் அவர் வந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை உங்களுக்கும் விளக்கிவிடுகிறேன். ஏனென்றால், இதே மாதிரி ஒரு பை உங்களில் பலர் வீட்டில் இருக்கிறது.

ஏறி இறங்கும் நோய்

உடம்பின் எதிர்ப்பு சக்தி கிருமியோடு சண்டை போடுவதற்காக இருப்பது. சிலருக்கு அது சொந்த உடம்பையே தாக்க ஆரம்பிக்கிறது. காவலுக்கு வளர்த்த நாய் வீட்டுக்காரரையே கடிக்கிற கதைதான். மூட்டைத் தாக்கினால் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். நாங்கள் கல்லூரியில் உதிரவாத சுரோணிதம் என்று படித்தது இதற்கு மிகவும் நெருங்கி வரும். தோலில் வந்தால் சொரியாசிஸ். பெருங்குடலில் வந்தால் இந்தக் கொலைட்டிஸ். இவை எல்லாமே ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி. 1940களில் சுவீடனைச் சேர்ந்த நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் டாக்டர் மூட்டு நோய்க்காக உருவாக்கிய சல்ஃபாசலசின் என்ற மருந்து குடல் புண்ணிலும் வேலை செய்தது. இன்றைக்கும் இரண்டுக்கும் அதைக் கொடுக்கிறார்கள். அதன் தம்பிதான் டீச்சர் சாப்பிடும் மெசலமின்.

இந்த நோய்களில் முக்கியமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை ஒரே சீராக இருப்பதில்லை. ஏறும், இறங்கும். மருந்தே இல்லாமலும் சில மாதம் அடங்கிக் கிடக்கும். பிறகு ஒரு நாள், காரணமே தெரியாமல் கிளம்பும். நோயாளி எப்போது புது வைத்தியரைத் தேடிப் போவார்? நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறக்கம் வரும். அந்த இறக்கத்துக்கான பெருமை, அப்போது கையில் என்ன மருந்து இருந்ததோ அதற்குப் போய்விடுகிறது.

இதில் நோயாளி மட்டும் ஏமாறுவதில்லை. வைத்தியரும்தான் ஏமாறுகிறார். நானே ஏமாந்திருக்கிறேன்.

1997 வாக்கில், கிளினிக் தொடங்கிய புதிது. தையல் கடை வைத்திருந்த ஓர் இளைஞரை அவருடைய தாயார் அழைத்து வந்தார். ரத்தமும் சளியுமாக ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை மலம். ஒரு மாதமாக வேறு டாக்டரிடம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் குடசப்பாலைப் பட்டைக் கஷாயம் கொடுத்தேன், வில்வப் பிஞ்சு கொடுத்தேன், மோர் பத்தியம் சொன்னேன். "இனிமேல் அந்த மாத்திரை எதற்கு?" என்றும் சொன்னேன். ஆறே வாரத்தில் ரத்தம் நின்றுவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நண்பர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பதினான்கு மாதம் கழித்து அவர் தாயார் மட்டும் வந்தார். மகன் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஹீமோகுளோபின் ஐந்துக்கு இறங்கி, ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் சண்டை போடவில்லை. "ஐயா, நீங்கதானே அந்த மாத்திரைய நிப்பாட்டச் சொன்னீய?" என்று மட்டும் கேட்டார். பையன் பிழைத்துவிட்டார். அந்தக் கேள்விக்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. குடலுக்குள் புண் ஆறிவிட்டதா என்று பார்க்காமலேயே, வெளியில் ரத்தம் நின்றதை வைத்து "குணம்" என்று நான் தீர்ப்பு எழுதியிருந்தேன்.

பதினாறு பேர் கணக்கு

பிறகுதான் நான் உட்கார்ந்து ஆங்கில மருத்துவ ஆராய்ச்சிகளைப் படிக்க ஆரம்பித்தேன். 1955-ல் இங்கிலாந்தில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு டாக்டர்கள் இதே கொலைட்டிஸ் உள்ள 210 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. அதோடு ஒரு பிரிவுக்கு கார்ட்டிசோன், மற்ற பிரிவுக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெறும் மாத்திரை. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், கார்ட்டிசோன் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 16 பேருக்கு அடங்கியிருந்தது.

அந்த 16 பேரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு யாராவது பொட்டலம் கொடுத்திருந்தால், "ஆறே வாரத்தில் குணம்" என்று பதினாறு பேரும் பேட்டி கொடுப்பார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லியிருக்க மாட்டார். என் தையற்காரரும் அந்தப் பதினாறில் ஒருவராக இருந்திருக்கலாம். இல்லை, என் கஷாயமே கேட்டிருக்கலாம். எது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை, ஏனென்றால் நான் எதோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. "எனக்குக் கேட்டது" என்பதற்கும் "இந்த மருந்து கேட்கும்" என்பதற்கும் நடுவில் உள்ள தூரம் இவ்வளவுதான்.

மஞ்சளுக்கு வருவோம்

மஞ்சள் அப்படி ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட பொருள். அதில் எனக்கு ஒரு வைத்தியனாகச் சந்தோஷம் உண்டு. 2006-ல் ஜப்பானில், நோய் அடங்கியிருந்த 89 பேரைப் பார்த்தார்கள். மஞ்சளிலிருந்து பிரித்த குர்குமினைக் காலையில் ஒரு கிராம், இரவில் ஒரு கிராம் என்று ஒரு பிரிவுக்குக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில், குர்குமின் சாப்பிட்ட 43 பேரில் இரண்டு பேருக்குத்தான் நோய் திரும்பியது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 39 பேரில் எட்டுப் பேருக்குத் திரும்பியது. 2015-ல் வெளிவந்த இன்னொரு சோதனையில், நோய் கிளம்பியிருந்த 50 பேருக்கு ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். தினம் 3 கிராம் குர்குமின் சாப்பிட்ட 26 பேரில் 14 பேருக்கு அடங்கியது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 24 பேரில் ஒருவருக்கும் அடங்கவில்லை.

நல்ல செய்திதானே என்பீர்கள். நல்ல செய்திதான். ஆனால் வீடியோக்காரர் விட்டுவிட்ட ஒரு வரி இருக்கிறது. இந்தச் சோதனைகளில் குர்குமின் சாப்பிட்டவர்கள் எல்லோரும் மெசலமின் வகை மாத்திரையையும் கூடவே சாப்பிட்டார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு மஞ்சளை மட்டும் சாப்பிட்டவர்களை வைத்து வந்த முடிவு அல்ல இது. டெல்லி எய்ம்ஸில் தினம் 450 மில்லிகிராம் என்று சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தபோது (2017-ல் வெளியானது) வெறும் மாத்திரையைவிட அது மேலாக இல்லை. ஆக, அளவும் முக்கியம்.

சாம்பார் கணக்குக்கு வருகிறேன். சமையல் மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். ஒரு டீஸ்பூன் தூளில் சுமார் 90 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் கொடுத்த 2 கிராமுக்கு இருபது டீஸ்பூனுக்கு மேல் வேண்டும்! எந்த வீட்டு சாம்பாரும் தாங்காது. அப்படியானால் கேப்சூல் என்பது சமையல் பொருள் இல்லை, அது மருந்து. மருந்து என்றால் பக்கவிளைவும் உண்டு.

நம் பாட்டிமார் மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப் போட்டார்கள். அதில் விஷயம் இருக்கிறது. 20 மில்லிகிராம் மிளகுச் சத்தைச் சேர்த்தால் ரத்தத்தில் சேரும் குர்குமின் 20 மடங்கு கூடுகிறது என்று 1998-ல் பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். கேப்சூல் கம்பெனிகள் இதைப் பிடித்துக்கொண்டு மிளகுச் சத்தையும் சேர்த்துவிட்டன. ஆனால் மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவுகள் வந்திருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்றும் தெரிகிறது. அரிதுதான். ஆனாலும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்தக் கேப்சூலைத் தொடவே வேண்டாம்.

எதிர்ப்பு சக்தி கூட வேண்டுமா?

இந்த நோயாளிகளிடம் "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்று சொல்லி விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கடிக்கிற நாய்க்கு இன்னும் கறி போடுவார்களா? கொரோனா சமயத்தில் வீடு வீடாகச் சீந்தில் கொடிக் கஷாயம் குடித்தார்கள். சீந்தில் எங்கள் நூல்களில் உயர்வாகப் பேசப்படும் மூலிகை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் 2022-ல், சீந்தில் சாப்பிட்டபின் கல்லீரல் பாதிக்கப்பட்ட 43 பேரைப் பற்றி இந்திய டாக்டர்கள் பல ஊர்களிலிருந்து சேர்ந்து எழுதினார்கள். அது, உடம்பே கல்லீரலைத் தாக்கும் நோயைப் போன்ற பாதிப்பு. ஆயுஷ் அமைச்சகம் இத்தகைய முடிவுகளை ஏற்கவில்லை. சீந்தில் என்று நினைத்து வேறு கொடியைப் பறித்திருக்கலாம் என்ற வாதமும் உண்டு. விவாதம் நடக்கட்டும். அதுவரை, தன்னுடல் தாக்கு நோய் உள்ள என் நோயாளிகளுக்கு நான் சீந்தில் கொடுப்பதில்லை.

இப்படி எழுதினால் எங்கள் ஆட்களே சிலர் என்னைக் கோபிப்பார்கள். "நம் மருத்துவம் ஆளுக்கு ஆள் மாறும். நாடி பார்த்து, உடல்வாகு பார்த்துக் கொடுப்பது. அதை எப்படிச் சோதனைக் கூண்டில் ஏற்றுவது?" என்பார்கள். நியாயமான கேள்வி. கோயம்புத்தூரில் அதற்கு ஒரு வழி காட்டினார்கள். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் உள்ள 43 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆயுர்வேதம், ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்ஸேட், ஒரு பிரிவுக்கு இரண்டும் கொடுத்தார்கள். ஆயுர்வேத வைத்தியர் தன் முறைப்படியே ஆளுக்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் நோயாளி சாப்பிடுவது அசலா, வெறும் மாத்திரையா என்பது வைத்தியருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. 36 வாரம். மூன்று பிரிவிலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது என்று 2011-ல் வெளியிட்டார்கள். 43 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அதை வைத்து மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் செய்ய முடியும் என்று தெரிந்துவிட்டதே! பெரிய அளவில் சித்த மருந்துகளுக்கும் இப்படிச் செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பொட்டலம் பற்றி ஒரு வார்த்தை. மருந்துப் பெயர் இல்லாத பொடி, மூன்றே நாளில் மூட்டு வலி பறந்துவிட்டது, பசி நன்றாக எடுக்கிறது, முகம் உருண்டையாகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். ரசம், பாஷாணம் சேரும் மருந்துகள் எங்கள் முறையில் உண்டு. அவற்றைச் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்பதும் எங்கள் பாடம்தான். 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. லைசென்ஸ் எண், மூலப்பொருள் பட்டியல், தயாரித்த தேதி மூன்றும் லேபிளில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள், யார் கொடுத்தாலும் சரி.

டீச்சர் இன்னொரு கேள்வியும் கேட்டார். "சப்பாத்தியை நிறுத்தணுமா?" கோதுமையால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் வேறு. அது வட இந்தியாவைவிட நம் பக்கம் மிகவும் குறைவு. சந்தேகம் இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போனால் நோய் இருந்தாலும் தெரியாமல் போகும். டீச்சருக்கு அந்த நோய் இல்லை, சப்பாத்தி சாப்பிடலாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மலத்தில் ரத்தம் போனாலோ, தூக்கத்திலிருந்து எழுந்து மலம் கழிக்க ஓடினாலோ, எடை குறைந்தாலோ, மூலம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோப்பியை எங்கள் சித்தர்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். நம் நாட்டில் குடல் காசநோயும் இதே வேஷத்தில் வரும் என்பதால் பரிசோதனை இன்னும் அவசியம். கொலைட்டிஸ் வந்து எட்டு வருஷம் ஆனவர்கள், வயிறு நன்றாக இருந்தாலும் புற்றுநோய் அறிகுறி உண்டா என்று பார்க்க இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் யார் பேச்சைக் கேட்டும் திடீரென்று நிறுத்தக் கூடாது, உயிருக்கே ஆபத்து.

டீச்சர் விஷயத்தில் என்ன செய்தோம்? வெள்ளை மாத்திரை அப்படியே தொடரும். மகன் வாங்கி வந்த பாட்டிலில் மிளகுச் சத்து சேர்ந்திருந்ததால் அதை ஓரம் கட்டினோம். மிளகுச் சத்து இல்லாத குர்குமினைக் கூடவே சாப்பிடலாமா என்று கேட்டு, அவருடைய குடல் நோய் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் சரி என்று சொல்லி, கல்லீரல் பரிசோதனை ஒன்றும், குடலில் அழற்சி இருக்கிறதா என்று மலத்தில் பார்க்கும் கால்புரோடெக்டின் பரிசோதனை ஒன்றும் எழுதியிருக்கிறார். ஆறு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். இரண்டு ரிப்போர்ட்டையும் எனக்கும் காட்டச் சொல்லியிருக்கிறேன். போகும்போது, "வில்வப்பழ சர்பத் குடிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். தாராளமாகக் குடிக்கலாம், சர்க்கரையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.