பிரசவ வலிக்கு ஊசி: கேள்விப்படுவதும் நடப்பதும்

எட்டாம் மாதம் பிறந்தால் போதும், வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பிரசவக் கதை சொல்லிவிட்டுப் போவார்கள். வளைகாப்பில் வளையல் அடுக்கும்போதே காதோடு சொல்கிறவர்களும் உண்டு. பிரசவ வலியைக் குறைக்க மருத்துவத்தில் வழி இருக்கிறது என்று தெரிந்த பெண்கள்கூட, இவற்றைக் கேட்டபிறகு மருத்துவரிடம் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஊசி போட்டுக்கொள்வதும் வேண்டாம் என்பதும் பிள்ளை பெறுகிறவளின் விருப்பம். இரண்டுமே நல்ல முடிவுகள்தான். பொய்யான பயமோ பொய்யான தைரியமோ அவளுக்காக முடிவெடுத்துவிடக்கூடாது என்பதே என் கவலை.

"முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி"

நம் ஊரில் முதுகு ஊசி என்றாலே சிசேரியன்தான் நினைவுக்கு வரும். அறுவைக்குப் போடும் ஸ்பைனல் ஊசியில் மருந்து தண்டுவட நீரிலேயே நேராகக் கலக்கும். இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், காலைத் தூக்கவே முடியாது. பிரசவ வலிக்குப் போடும் எபிடியூரல் வேறு. தண்டுவட உறைக்கு வெளியே இருக்கும் இடத்தில், மிகக் குறைந்த வீரியமுள்ள மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்துவது அது. ஒன்றைப் பற்றிக் கேட்ட கதையை இன்னொன்றின் மேல் ஏற்றிவைத்திருக்கிறோம்.

அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போகும். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு, முகவாயை நெஞ்சில் பதித்து, முதுகை வெளியே வளைக்கச் சொல்வார்கள். ஸ்பிரிட் பட்டதும் முதுகு சில்லிடும். முதலில் தோலை மரக்கவைக்க ஒரு சின்ன ஊசி. அந்த நேரம் அசையக்கூடாது என்பதால், வலி வந்தால் அது தணியும்வரை மயக்க மருத்துவர் கையை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். பிறகு பெரிய ஊசி வழியாக நூல் போன்ற ஒரு குழாயை உள்ளே விட்டு, ஊசியை உருவி எடுத்துவிடுவார். முதுகில் தங்குவது குழாய் மட்டும்தான். பதினைந்து, இருபது நிமிடத்தில் வலி தணியத் தொடங்கும். தொடையில் ஐஸ் வைத்து, "சில்லுன்னு இருக்காம்மா?" என்று கேட்டு, மருந்து எதுவரை வேலை செய்கிறது என்று பார்ப்பார்கள். வயிறு இறுகுவதும் தளர்வதும் பெரும்பாலும் தெரியும். கத்தவைக்கும் வலி இருக்காது.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு எலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்குக் கீழே. குத்திய இடம் சில நாள் தொட்டால் வலிக்கும், அவ்வளவுதான். பிரசவத்துக்குப் பிந்தைய முதுகுவலி, ஊசி போட்டவர்களுக்கும் வருகிறது, போடாதவர்களுக்கும் வருகிறது. கர்ப்பத்தில் மூட்டுப் பிணைப்புகள் தளர்வது, வயிற்றுப் பாரத்துக்கு ஈடுகொடுத்து முதுகு வளைந்து நிற்பது, பிறகு மாதக்கணக்கில் குனிந்து பால் கொடுப்பது எல்லாம் சேர்ந்த வலி அது. எபிடியூரல் பற்றிய 40 ஆய்வுகளை, 11,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களோடு, காக்ரேன் அமைப்பு 2018-ல் தொகுத்துப் பார்த்தது. நீண்டகால முதுகுவலியில் இரு தரப்புக்கும் வித்தியாசம் காணவில்லை.

"ஊசி போட்டா சிசேரியன்லதான் கொண்டுபோய் விடும்"

இந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 60-க்கும் மேல். சுகப்பிரசவம் கைநழுவிவிடுமோ என்று ஒரு பெண் அஞ்சுவது நியாயம். ஆனால் எபிடியூரலே போடாத மருத்துவமனைகளிலும்தான் சிசேரியன் நடக்கிறது. அதற்கான காரணங்களை வேறு இடத்தில் தேடவேண்டும், தேடியே ஆகவேண்டும்.

காக்ரேன் தொகுப்பில் எபிடியூரலால் சிசேரியன் கூடவில்லை. "கர்ப்பப்பை வாய் நாலைந்து சென்டிமீட்டர் திறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று வலியில் காக்கவைக்கும் பழக்கத்துக்கும் 2005-ல் பதில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் சிந்தியா வாங் என்ற மயக்க மருத்துவரும் அவர் குழுவினரும் 750 தலைச்சன் பிரசவங்களை ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆரம்பத்திலேயே முதுகு வழியாக மருந்து. மற்றவர்களுக்கு முதலில் சாதாரண ஊசி, எபிடியூரல் பிறகு. சிசேரியனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முன்கூட்டிப் போட்டவர்களுக்குப் பிரசவம் சற்று விரைவாகவே முடிந்திருந்தது.

இந்த நம்பிக்கையில் கொஞ்சம் உண்மையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முக்கிப் பிள்ளையை வெளியே தள்ளும் கட்டம் எபிடியூரலில் நீளலாம். வீரியமான மருந்து போட்ட காலத்தில் ஆயுதமும் வேக்குவமும் அதிகம் தேவைப்பட்டன. 2005-க்குப் பிந்தைய ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளைக்கு மூச்சுத்திணறல் போன்ற அவசரத்தில் சிசேரியன் செய்ய நேர்ந்தால், ஏற்கெனவே இருக்கும் குழாய் வழியாகவே வீரியமான மருந்தை ஏற்றிவிடலாம். முழு மயக்கம் கொடுக்க வேண்டிய நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

"மருந்து பிள்ளைக்கு ஏறிடும்"

எந்த மருந்து என்று கேட்க வேண்டும். இடுப்பிலோ நரம்பிலோ போடும் பெத்திடின், டிரமடால் போன்றவை தாயின் ரத்தத்தில் கலந்து, நச்சுக்கொடி வழியே பிள்ளையை எட்டும். தாய்க்கு மயக்கமும் வாந்தியும் வரலாம். பிறந்த பிள்ளை மந்தமாக இருக்கலாம், மூச்சு எடுக்கத் தயங்கலாம். அதனால்தான் போட்ட நேரத்தைக் குறித்துவைக்கிறார்கள். எபிடியூரலில் ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு.

பிறந்ததும் பிள்ளையின் நிறம், நாடித்துடிப்பு, மூச்சு, அசைவு, தூண்டினால் முகம் சுளிப்பது ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்களே, அந்த அப்கர் முறையை 1952-ல் வகுத்த வர்ஜீனியா அப்கரே ஒரு மயக்க மருத்துவர்தான். காக்ரேன் தொகுப்பில், எபிடியூரல் போட்ட தாய்மாரின் பிள்ளைகள் அந்த மதிப்பெண்ணில் பின்தங்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அதிகம் போகவும் இல்லை.

"வலி தாங்கிப் பெத்தாதான் பாசம் வரும், இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குத் தாங்குற சக்தியே இல்ல"

சிசேரியனில் பெற்ற தாய்க்குப் பாசம் குறைவு என்று எவராவது சொல்லத் துணிவார்களா? வலி நிவாரணம் கேட்பது புதுக்காலத்துச் சொகுசும் அல்ல. 1853-ல் விக்டோரியா ராணி தன் எட்டாவது பிரசவத்தில், ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கொடுத்த குளோரோஃபார்மை முகர்ந்தார். அதற்கு முன் ஏழு பெற்றவர் அவர். வலி என்னவென்று தெரிந்தே கேட்டார். பல் பிடுங்க ஊசி கேட்டால் யாரும் ஏசுவதில்லை. பிரசவ அறையில் மட்டும் பெண்ணின் பொறுமைக்குப் பரீட்சை வைப்பது அநியாயம்.

"ட்ரிப்ஸ் ஏத்தியாச்சு, இனி வலி குறையும்"

வெளியே காத்திருக்கும் உறவினர்கள் பலர் இப்படி நம்புகிறார்கள். ஆக்சிடோசின் கலந்த ட்ரிப்ஸ் வலியைக் கூட்டுவதற்காக ஏற்றப்படுவது. அது ஏறும் நேரத்தில்தான் நிவாரணம் அதிகம் தேவைப்படும்.

"ஊசி போட்டா வலியே தெரியாது, ஒண்ணும் ஆகாது"

இது எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கை. சில மருத்துவமனைகளின் வலியில்லாப் பிரசவ விளம்பரங்கள் இதைத்தான் வளர்க்கின்றன. பத்தில் ஒருவருக்கு மருந்து சரியாகப் பிடிக்காமல், ஒரு பக்கம் மட்டும் வலி தங்கிவிடலாம். குழாயைச் சரிசெய்யவோ மறுபடி போடவோ நேரலாம். நூறில் ஒருவருக்கு, தண்டுவட உறையில் துளை விழுந்து, எழுந்து உட்கார்ந்தாலே மண்டையைப் பிளக்கும் தலைவலி வரலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. பொறுத்துக்கொண்டு கிடக்காமல் சொல்லவேண்டும். ரத்த அழுத்தம் இறங்கலாம், அரிப்பு, நடுக்கம், காய்ச்சல் வரலாம். சிறுநீர் பிரியாமல் டியூப் போட நேரலாம். நிரந்தர நரம்புப் பாதிப்பு மிக மிக அரிது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லமுடியாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், தட்டணுக்கள் மிகவும் குறைந்தவர்கள், ஊசி போடும் இடத்தில் சீழ்ப்புண் உள்ளவர்கள் ஆகியோருக்குப் போடமாட்டார்கள்.

"ஊசி வேண்டாம்னா பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான்"

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பரிந்துரைகளில் எபிடியூரலும் உண்டு. மூச்சுப் பயிற்சி, மசாஜ், வெந்நீர் ஒத்தடமும் உண்டு. கேட்கிற பெண்ணுக்கு அவள் விருப்பப்படி கொடுக்கச் சொல்கிறது. எழுந்து நடப்பது, ஒருக்களித்துப் படுப்பது, வலி வரும்போது இடுப்பின் பின்புறத்தை ஒருவர் உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பது எல்லாம் செலவில்லாதவை. நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சரிபாதி கலந்த வாயுவைச் சில மருத்துவமனைகளில் முகமூடி வழியே தானாகவே இழுத்துக்கொள்ளலாம். வலியை மழுக்கும், முழுதாகப் போக்காது. எல்லாவற்றையும்விட, கூடவே ஒரு ஆள். தொடர்ந்து பக்கத்தில் துணை இருந்த பெண்களுக்குச் சிசேரியன் குறைந்ததையும் பிரசவ நேரம் சுருங்கியதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மத்திய அரசு 2017-ல் தொடங்கிய லக்ஷ்யா திட்டம், அரசு மருத்துவமனைப் பிரசவ அறையிலும் துணைக்கு ஒருவரை அனுமதிக்கச் சொல்கிறது. "அம்மா உள்ளே வரலாமா?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

இதையெல்லாம் இடுப்பு வலி கண்டபிறகு நிதானமாக விசாரிக்கமுடியாது. அடுத்த செக்கப்பிலேயே கேட்டுவிடுங்கள்: இங்கே எபிடியூரல் உண்டா, ராத்திரியிலும் மயக்க மருத்துவர் இருப்பாரா, தனியாக எவ்வளவு ஆகும், என் உடம்புக்கு ஏதும் தடை இருக்கிறதா, இல்லையென்றால் வேறென்ன கிடைக்கும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடுவில் கேட்கலாம். வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போடாமலும் பெறலாம். மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் பிரசவத்தைப் பற்றித் தாராளமாகச் சொல்லுங்கள், ஊசி வேண்டுமா வேண்டாமா என்று நர்ஸ் கேட்கும்போது மட்டும் அவளைப் பதில் சொல்ல விடுங்கள்.