அடுத்த அணிக்காக ஓர் இணையத்தளம்

பொறியியல் போட்டிக்குப் போகும் மாணவர் அணி தனக்கென ஓர் இணையத்தளம் செய்யும்போது நடுவர்களையும் அனுசரணையாளர்களையும் மனத்தில் வைத்தே செய்கிறது. முகப்பில் பெரிய படம், அணியினர் வரிசையாக நிற்கும் ஒளிப்படம், கீழே நிறுவனச் சின்னங்கள். இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வன்னியில் இயங்கும் ஓர் அணிக்கு அந்தத் தளத்தின் முதல் வாசகர், அடுத்த ஆண்டு அதே வேலையைக் கையில் எடுக்கப்போகும் கனிஷ்ட மாணவர்தான் என்பது என் உறுதியான கருத்து. அவருக்காக எழுதப்பட்ட தளம் நடுவருக்கும் தானாகவே பயன்படும்.

பொறியியல் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. அணியை நடத்தும் அளவுக்கு ஒருவர் தேறுவது பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில். அடுத்த ஆண்டு இறுதித் திட்டப்பணி, அதன்பின் வேலை அல்லது வெளிநாடு. பேராதனை பொறியியல் பீடத்தின் தொடக்கம் 1950. மொரட்டுவைக்கும் பல பதிற்றாண்டு மரபு உண்டு. அங்கெல்லாம் பழைய மாணவர், ஆய்வுகூட ஊழியர் வழியாக வாய்மொழியாகவே நிறைய அறிவு கைமாறும். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் தொடங்கிப் பத்தாண்டு சொச்சம்தான் ஆகிறது. பம்பைமடுவிலுள்ள வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது 2021 ஓகஸ்டில். வாய்மொழி மரபு இன்னும் தடிக்காத இடங்களில் எழுத்துதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

இப்படி எழுதிவைப்பதையே விதியாக்கிய போட்டி ஒன்று உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2004இல் ஐந்து அணிகளோடு தொடங்கிய ஐஜெம் என்னும் உயிரியல் பொறியியல் போட்டியில், ஒவ்வோர் அணியும் தன் வேலையை ஒரு தளமாக எழுதியே தீரவேண்டும். குறித்த நேரத்துக்குப் பிறகு அதில் கை வைக்க முடியாது. நடுவர்கள் அதையும் மதிப்பிடுவார்கள். பழைய அணிகளின் பக்கங்கள் திறந்தே கிடப்பதால், புதிதாக வரும் அணி எங்கிருந்தாலும் முன்னவர்கள் நின்ற இடத்திலிருந்து நடக்கத் தொடங்குகிறது.

என்ன எழுதுவது? "எமது ரோபோ நவீன தொழில்நுட்பத்தில் உருவானது" என்ற வரியால் எவருக்கும் பயனில்லை. ஓர் அணி 7.4 வோல்ற் பற்றறியையும் மலிவாகக் கிடைக்கும் எல்298என் மோட்டர் இயக்கியையும் பயன்படுத்தியது என்று வைத்துக்கொள்வோம். அந்த இயக்கியிலேயே ஏறக்குறைய 2 வோல்ற் இழப்பாகிவிடும். மோட்டருக்குப் போவது ஐந்தரை வோல்ற் அளவுதான். திருப்பங்களில் சக்கரம் திணறியது, காரணம் இதுதான் என்று அளந்து கண்டோம், மொஸ்ஃபெற் இயக்கிக்கு மாறினோம், விலை இவ்வளவு கூடியது: இந்த நான்கு செய்தியும் சுற்றுப்படமும் நிரலும் ஒரே பக்கத்தில் இருந்தால், அடுத்த அணிக்குப் பல வார உழைப்பு மிச்சம். சரிவராத வழிகளையும் எழுதுங்கள். அவற்றை இணையத்தில் வேறெங்கும் தேடி எடுப்பது கடினம்.

முகநூல் பக்கம் போதாதா என்று கேட்பார்கள். அறிவிப்புக்கும் வாழ்த்துக்கும் அது போதும். ஆனால் பழைய பதிவுகள் அடியில் போய்விடும். சுற்றுப்படத்தையும் நிரலையும் ஒழுங்காக அடுக்கிவைக்க அங்கே இடமில்லை. காசில்லை என்பதும் தடையல்ல. கிற்ஹப் போன்ற சேவைகளில் எளிய தளத்தை இலவசமாகவே வைக்கலாம். காசு கொடுத்து முகவரி வாங்கினால், புதுப்பிக்க ஆளில்லாத ஆண்டில் அது போய்விடும் என்பதையும் யோசியுங்கள். கணக்கு எதுவானாலும் தனி மாணவர் பெயரில் இருக்கக்கூடாது. அணியின் பொது மின்னஞ்சலில் திறந்து, கடவுச்சொல்லைப் பொறுப்பு விரிவுரையாளரிடமும் கொடுத்துவைக்க வேண்டும். எழுதிவைத்ததைப் போட்டி அணிகள் திருடிவிடும் என்ற அச்சம் நியாயமானதுதான். அதற்கு வழி, போட்டி முடிந்த வாரத்தில் வெளியிடுவது. எழுதுவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மொழி பற்றிய மறுப்பு கனமானது. கற்பிப்பது ஆங்கிலத்தில், நடுவர் படிப்பதும் ஆங்கிலத்தில், பிறகு தமிழ் எதற்கு? தொழில்நுட்பப் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆனால் முள்ளியவளையிலோ துணுக்காயிலோ உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்கலாமா என்று யோசிக்கும் பிள்ளைக்கும், அவளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கும், கனடாவிலிருந்து உதவ நினைக்கும் ஊரவருக்கும் தமிழில் இரண்டு பக்கமாவது வேண்டும். அதை இயந்திர மொழிபெயர்ப்பில் விடாமல் தனியாக எழுத வேண்டும். பீடத்தில் சிங்கள மாணவரும் படிக்கிறார்கள். அணியில் ஒருவர் இருந்தால் அவர் ஒரு சிங்களச் சுருக்கமும் எழுதலாம்.

இந்த வாசகர்களில் பலர் கைப்பேசியில், டேட்டா காட் போட்டுப் பார்ப்பவர்கள். கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றே 4 எம்.பி. வரும், பத்துப் படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் 40 எம்.பி. அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்தால் படம் ஒன்று 200 கே.பி. அளவில் நிற்கும், மொத்தமும் 2 எம்.பி.யில் அடங்கும். அசையும் முகப்பும் தானாக ஓடும் வீடியோவும் வேண்டவே வேண்டாம்.

அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் அணி அமைக்கும் தம்பி தங்கையரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த போட்டிக்கான முதல் கூட்டத்திலேயே தளத்தை எழுதும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள். அவருக்குத் துணையாக இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரையும் சேர்த்துவிடுங்கள்.