அச்சும் வெற்றிடமும்: நெய்த துணியால் மோட்டார் சைக்கிள் உறுப்புச் செய்யும் முறை

பாவும் ஊடையுமாக நெய்த துணி உடுத்துவதற்கும் விரிப்பதற்குமே உரியது என்று நம்மில் பலர் எண்ணி வருகிறோம். ஆனால் இன்று மோட்டார் சைக்கிளின் பக்க மூடியும், மட்கார்டும், பந்தய வண்டியின் முன் கவசமும் துணியினாற் செய்யப்படுகின்றன. கண்ணாடி இழையிலோ கார்பன் இழையிலோ நெய்த துணியை அச்சிற் படியவைத்து, அதனுள் ரெசின் என்னும் குழம்பைச் செலுத்தி இறுகச் செய்தால், அதே கன அளவுள்ள எஃகில் நான்கில் ஒரு பங்கு எடையே உள்ள தகடு கிடைக்கிறது. ரெசினைச் செலுத்த வெற்றிடத்தைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் மஸ்கட் என்பார் 1950-லேயே காப்புரிமை பெற்றிருக்கிறார். ஆகவே இதைப் புதுமை என்று அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை.

முதலில் வேண்டுவது மாதிரி உரு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதி மரச்சிற்பிகளின் கைத்திறனுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாதிரி கடைவதற்கு அவர்களினும் தக்கவர் யார்? எனினும் ஓர் எச்சரிக்கை. ஆழக் குடைவது சிற்பத்துக்கு அழகு. இங்கே அதுவே குற்றமாகும். உள்நோக்கிக் குடைந்த இடம் ஒன்று இருந்தாலும் அச்சு கழன்று வராது. பக்கங்கள் இரண்டு மூன்று பாகையேனும் வெளிநோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும். நன்கு உலர்ந்த மரத்தைத் துளையின்றிப் பூசி, நீர்த்தாளால் வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். மாதிரியிலுள்ள கீறல் அச்சிலும், அச்சிலுள்ளது ஒவ்வோர் உறுப்பிலும் அப்படியே பதியும்.

மாதிரியின் மேல் மெழுகை ஐந்தாறு முறை பூசி மெருகேற்றியபின், ஜெல்கோட்டும் கண்ணாடி இழைப் பாயும் அடுக்கி அச்சை வார்க்கலாம். உறுப்பைப்போல் மூன்று மடங்கேனும் அச்சு கனமாயிருப்பது நலம். சுற்றிலும் நான்கு அங்குல விளிம்பு விடுதல் இன்றியமையாதது. அவ்விளிம்பு இல்லாவிடில் பின்னர் காற்றை அடைக்க இடமே இராது.

துணியைத் தேர்வதில் நெசவாளருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுவிட்டு ஒன்று பின்னிய சாதா நெசவு வளைவுகளில் மடிந்து சுருங்கும். ஊடை இரண்டு பாவின் மேலும் இரண்டின் கீழும் சென்று, வரிசைதோறும் ஓர் இழை தள்ளி அமையும் சாய்வரி நெசவோ வளைவைத் தழுவிப் படியும். (சணல், கற்றாழை நார்களையும் இவ்வாறு பயன்படுத்தலாம், ஆனால் அவற்றின் ஈரத்தை முற்றிலும் போக்காவிடில் வெற்றிடத்தில் அது ஆவியாகிக் குமிழி விடும்.)

மெழுகிட்ட அச்சில் உலர்ந்த துணியை அடுக்கி, அதன்மேல் உரித்தெடுக்கத்தக்க நைலான் துணியையும் ரெசின் பரவுவதற்கான வலையையும் விரித்து, எல்லாவற்றையும் ஒரு படலத்தால் மூடி, விளிம்பை ஒட்டு நாடாவால் அடைக்க வேண்டும். பம்பு காற்றை இழுத்தவுடன் வெளிக்காற்று ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 900 கிலோ வீதம் படலத்தை அமுக்கும். இங்கேதான் பலர் அவசரப்படுகின்றனர். பம்பின் குழாயை இறுக்கி மூடி, கால் மணி நேரம் மானியைப் பார்த்திருங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிவு உண்டு. அதைத் தேடி அடைக்கும்வரை ரெசினைத் தொடக் கூடாது. உலர்ந்த துணியை நூறு முறை எடுத்து அடுக்கலாம்; ரெசின் புகுந்தபின் பிழை திருந்தாது, துணி, ரெசின், நாள் கூலி மூன்றும் போகும். அதனினும் கேடு, வெளிக்குத் தெரியாத உலர்ந்த திட்டுகளுடன் உறுப்பு விற்பனைக்குச் சென்று வழியில் உடைவது.

கல்வராயன் மலை அங்கத்தினர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 3,000 அடி உயரத்தில் காற்றழுத்தமே குறைவு. சமவெளியில் 29 அங்குலத்தைத் தாண்டும் மானி அங்கே 27-ஐ ஒட்டியே நின்றுவிடும். அது கசிவன்று, நின்ற முள் இறங்குவதுதான் கசிவு.

ரெசின் துணியினூடே செல்வது, நிலத்தடி நீர் மணலினூடே ஊறுவதை ஒத்தது. 1856-ல் பிரான்சில் தார்சி என்னும் பொறியாளர் மணலில் ஓடும் நீரை அளந்து கண்ட விதியே இரண்டுக்கும் பொருந்துகிறது. ரெசின் செல்லவேண்டிய தூரம் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். வெப்பமோ அதன் எதிரி. பத்துப் பாகை கூடினால் இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். நம் கோடையில் விடியற்காலையில் தொடங்குவதே சரி.

பாலியெஸ்டர் ரெசினில் கலக்கும் கோபால்ட் முடுக்கியையும் பெராக்சைடு இறுக்கியையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று சேர்க்கலாகாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்கு கலந்த பின்னரே மற்றதைச் சேர்க்க வேண்டும். இறுகிய உறுப்பை அறுக்கும்போது கிளம்பும் தூள் நுரையீரலுக்குத் தீது, முகமூடி வேண்டும்.

முதற்பணியாகப் பக்க மூடியை எடுத்துக்கொள்ளலாம். சட்டகம், முன் கவை, சக்கரம் ஆகிய சுமை தாங்கும் உறுப்புகளை, சோதனைச்சாலை வசதியில்லாத எவரும் தொடக் கூடாது. தனி ஒருவர் பம்பு வாங்குவதைவிடச் சங்கம் ஒன்றை வாங்கி முறைவைத்து அளிப்பதே தக்கது.