கறுப்பு மணலில் ஒளிந்திருப்பவை

அன்புள்ள கயல்,

பரீட்சை முடிந்ததும் அப்பா அம்மாவோடு இந்தோனேசியா போகப் போவதாகவும், எளிதில் கண்ணில் படாத கடலுயிர்களைத் தேடிப் பார்க்க ஆசைப்படுவதாகவும் எழுதியிருந்தாய். அப்படியென்றால் போக வேண்டிய இடம் சுலவேசித் தீவின் வட முனை. மனாடோ நகரத்திலிருந்து படகேறினால் புனாக்கன் தீவு. கிழக்கே சாலை வழியாகப் போனால் லெம்பே நீரிணை. ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம். ஒன்றுக்கொன்று சற்றும் ஒத்துப்போகாத கடல்கள் இவை.

முதலில் புனாக்கன் போவது நல்லது. 1991இல் தேசியக் கடல் பூங்காவான பகுதி அது. கரையை ஒட்டி ஆழமில்லாத நீரில் பவளத்திட்டு பரந்து கிடக்கும். அதன் விளிம்பில் கடலடி சட்டென்று செங்குத்தாக இறங்கிவிடும். ஸ்நார்க்கெல் மாட்டிக்கொண்டு மேலே மிதப்பவருக்கே அந்தச் சுவரும், அதன் பிளவுகளில் படுத்திருக்கும் பச்சை ஆமைகளும் தெரியும். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டால் நீச்சல் சுமாராகத் தெரிந்தவர்களும் பார்க்கலாம் என்பதால் அம்மாவுக்கும் ஏற்ற இடம். முகத்தைத் தண்ணீரில் வைத்து நிதானமாக மூச்சு விடவும், மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் பதறாமல் வெளியேற்றவும் இங்கேயே பழகிவிடு.

லெம்பேயில் முதன்முதலாக இறங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய நீரிணை அது. ஒரு கரையில் பிதுங் துறைமுகமும் மீன் பதப்படுத்தும் ஆலைகளும். கீழே எரிமலை தந்த கறுப்பு மணல், சேறு, நடுநடுவே பாட்டில், தகர டப்பா. படங்களில் பார்த்த வண்ணப் பவளத் தோட்டத்தைத் தேடினால் அதிகம் கிடைக்காது. ஆனாலும் உலகெங்கிலுமிருந்து கேமராவோடு ஆட்கள் இந்தச் சேற்றைத் தேடி வருகிறார்கள்.

காரணம் இருக்கிறது. பவளத்திட்டில் வாழும் மீனுக்கு ஆபத்து வந்தால் நுழைந்துகொள்ள ஆயிரம் பொந்துகள். வெட்ட வெளியான மணலில் அந்த வசதி கிடையாது. நீரோட்டம் இரையைக் கொண்டுவந்து தருகிறது, மறைவிடத்தைத் தருவதில்லை. அதனால் இங்கே வாழ்பவை வேறொன்றாக வேஷம் போடுகின்றன, மணலுக்குள் புதைகின்றன, அல்லது வீட்டையே தூக்கிக்கொண்டு அலைகின்றன. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டு இறங்கினால் உன் கண் தேடும் விதமே மாறிவிடும்.

வேஷம் போடுவதில் முதலிடம் ஒரு பேய்க்கணவாய்க்கு. 1998இல் சுலவேசிக் கடலில்தான் அதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். முறைப்படி அறிவியல் பெயர் கிடைத்தது 2005இல். உடலெங்கும் வெள்ளையும் பழுப்புமாகப் பட்டைகள். மற்றப் பேய்க்கணவாய்கள் பெரும்பாலும் இரவில் நடமாட, இது பட்டப்பகலில் திறந்த மணலில் இரை தேடுகிறது. கைகளையெல்லாம் பின்னால் இலைபோல் குவித்துக்கொண்டு, மணலை ஒட்டி நெளிந்து போகும்போது அசல் மாந்தல் மீன். ஆறு கைகளைக் குழிக்குள் இழுத்துக்கொண்டு, மீதி இரண்டை எதிரெதிர்த் திசையில் நீட்டினால் பட்டை போட்ட கடல்பாம்பு. கைகளை விரித்து மிதந்தால் முள்ளில் நஞ்சுள்ள சிங்கமீன். வேட்டையாட வருபவர்கள் தொடத் தயங்கும் உயிர்களின் சாயலாகப் பார்த்து அது தேர்ந்தெடுப்பதுதான் வியப்பு.

அதன் உறவினன் ஒருவன் தேங்காய்ச் சிரட்டை சேகரிக்கிறான். கடலில் விழுந்த இரண்டு பாதிச் சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, உடலுக்குக் கீழே இடுக்கிக்கொண்டு, கைகளைக் கம்புபோல் ஊன்றி மணலில் தத்தித் தத்தி நடக்கிறான். ஆபத்து வந்ததும் இரண்டையும் மூடிக்கொண்டு உள்ளே. வடக்கு சுலவேசியிலும் பாலியிலும் இதைப் பார்த்த ஆய்வாளர்கள், முதுகெலும்பில்லாத உயிரொன்று கருவி பயன்படுத்துவதற்குச் சான்றாக 2009இல் வெளியிட்டார்கள்.

கடல் விசிறி என்னும் கிளைப் பவளத்தில் வாழும் குட்டிக் கடல்குதிரையைக் காண்பதற்குத்தான் பொறுமை மிக வேண்டும். முழுதாக வளர்ந்தாலும் இரண்டரை சென்டிமீட்டரைத் தொடாது. 1969இல் நியூ கலிடோனியாவில் ஜார்ஜ் பார்ஜிபான் என்பவர் காட்சியகத்துக்காகக் கொண்டுவந்த கடல் விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தபோதுதான் அதில் கடல்குதிரை ஒட்டிக்கொண்டிருப்பதே தெரிந்தது. விசிறியின் கிளைகளில் செம்மொட்டுகளாக மூடிக் கிடக்கும் சின்னஞ்சிறு பாலிப்புகளைப் போலவே இதன் தோலிலும் செம்புடைப்புகள். கிளையைச் சுற்றியிருக்கும் வாலை முதலில் தேடு. பிறகு கண்ணின் கரும்புள்ளி. இரண்டும் அகப்பட்டால் உருவம் தானாகப் பிடிபடும்.

நேரமும் முக்கியம். மாண்டரின் மீனைப் பகல் முழுக்கத் தேடினாலும் பவள உடைசல்களுக்கு இடையே ஒரு வால்நுனிதான் தெரியக்கூடும். சூரியன் மறையும் வேளையில் அதே இடத்தில் அசையாமல் காத்திருந்தால், ஆணும் பெண்ணும் ஒட்டியபடி மெல்ல மேலெழுந்து, முட்டையும் விந்தும் விட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் பிரிந்து ஓடுவதைப் பார்க்கலாம். மீன்களில் காணும் நீலம் பெரும்பாலும் ஒளிச் சிதறலால் தோன்றுவது; இந்த மீனின் தோலிலோ உண்மையான நீல நிறமிச் செல்கள் உண்டு. வெள்ளை டார்ச் அடித்தால் ஒதுங்கிவிடும், சிவப்பு வெளிச்சமே போதும்.

யாரிடம் கேட்பது என்பதற்கு மனாடோவிலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. 1997 செப்டம்பரில் தேனிலவுக்கு வந்திருந்த கடலியல் ஆய்வாளர் மார்க் எர்ட்மனின் மனைவி அர்னாஸ், மீன் சந்தையில் ஒரு விசித்திரமான பெரிய மீனைச் சுட்டிக்காட்டினார். அது சீலகாந்த். டைனோசர் காலத்தோடு அழிந்ததாகக் கருதப்பட்டு, 1938இல் தென்னாப்பிரிக்காவில் உயிரோடு பிடிபட்ட மீன் வகை. அங்கிருந்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தள்ளி இங்கே கிடந்தது. எர்ட்மன் பிறகு ஊர் ஊராக மீனவர்களை விசாரித்தார். 1998 ஜூலையில் ஆழ்கடல் சுறா வலையில் சிக்கிய இன்னொன்று அவர் கைக்கு வந்தது. 1999இல் தனி இனமாகப் பெயரும் பெற்றது. நூறு மீட்டருக்குக் கீழே வாழும் அந்த மீனை நீ பார்க்கப்போவதில்லை. ஆனால் அந்த ஊர் மீனவர்களுக்கு அது ஏற்கெனவே பழக்கமான மீன் என்பதை மறந்துவிடாதே. லெம்பேயின் டைவ் கைடுகள் பலர் அந்தக் கரைக் கிராமங்களில் பிறந்தவர்கள். எந்த விசிறியில் எது இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். உன் கைடை முந்திக்கொண்டு நீந்தாதே.

ஸ்கூபா கற்றுக்கொள்ள உனக்கு வயது போதும். அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழோடு 18 மீட்டர் வரை இறங்கலாம். முதலில் நீச்சல் குளத்தில் பழக்குவார்கள். அங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்படும் விதி, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. நம் தூத்துக்குடி முத்துக்குளிப்பவர்கள் மூச்சை அடக்கித்தானே இறங்கினார்கள் என்று கேட்பாய். அவர்கள் மேலே இழுத்த காற்று ஆழத்தில் சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்கு மட்டும் விரியும். நீயோ பத்து மீட்டர் ஆழத்தில், மேலே இருப்பதைப்போல இரு மடங்கு அழுத்தத்தில், சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறையக் காற்றை இழுக்கிறாய். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் இரண்டு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

மிதப்பைக் கட்டுப்படுத்த நன்றாகப் பழகாமல் லெம்பேயில் இறங்க வேண்டாம். காலை உதைத்தால் சேறு கிளம்பும். உனக்கும் தெரியாது, பின்னால் வருபவருக்கும் தெரியாது. எதையும் கையால் தொடவே கூடாது. நீல வளையப் பேய்க்கணவாய் அங்கே உண்டு. உள்ளங்கையில் அடங்கும் அந்த உயிரின் கடி மூச்சுத் தசைகளை முடக்கிக் கொன்றுவிடும். மாற்று மருந்து கிடையாது.

உன்னைக் காத்துக்கொள்ள மட்டுமல்ல இந்த விதி. நல்ல படம் கிடைக்கட்டும் என்று சிலர் இரும்புக் குச்சியால் தவளைமீனைத் தள்ளி நிறுத்துவதும், கடல்குதிரையைத் திருப்பிவிடுவதும் உண்டு. கடல்குதிரை, தவளைமீன் போன்றவற்றை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. கேமரா ஃப்ளாஷைவிடக் கையாலோ குச்சியாலோ தீண்டுவதே அவற்றை மிகவும் பாதிக்கிறது என்று அது காட்டியது. உனக்காக யாராவது அப்படிச் செய்தால் கையசைத்துத் தடுத்துவிடு, படம் போனாலும் பரவாயில்லை.

டிக்கெட் எடுப்பதற்கு முன் அப்பாவிடம் ஒன்று சொல். பல நாள் ஸ்கூபா செய்தவர்கள் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் தேவை. அந்தக் கடைசி நாளுக்கு பிதுங்குக்குப் பக்கத்திலேயே தங்கோகோ காடு இருக்கிறது. கறுப்புக் கொண்டைக் குரங்குகளைப் பகலில் பார்க்கலாம். பெரிய கண்களும் கைப்பிடி அளவு உடலுமுள்ள டார்சியர்கள் அத்திமரப் பொந்திலிருந்து இருட்டும் நேரத்தில்தான் வெளியே வரும். நீளக் கால்சட்டையும் காலுறையும் எடுத்து வை. கடித்து அரிப்பெடுக்க வைக்கும் சிறு உண்ணிகள் அந்தக் காட்டில் உண்டு.

அன்புடன்,
சித்தி