ஜெனரேட்டரை வீட்டு மின்சாரத்துடன் இணைத்தல்

2014-ஆம் ஆண்டின் இறுதியில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலத்திலும் வெள்ளம் புகுந்தபோது பல வீடுகளில் மின்சாரமும் நின்றது. அத்தகைய நாட்களுக்கென்று சிறிய ஜெனரேட்டர் வாங்கி வைத்திருப்போர் நம் அன்பர்களிலும் உண்டு. வாங்குவது எளிது, வீட்டோடு இணைப்பதில்தான் அபாயம் இருக்கிறது.

சிலர் ஒரு வயரின் இரு நுனியிலும் பிளக் மாட்டி, ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றதைச் சுவர்ச் சாக்கெட்டிலும் சொருகிவிடுகின்றனர். வீடெல்லாம் விளக்கு எரிகிறது. சாமர்த்தியம் என்று எண்ணுகின்றனர். மெயின் சுவிட்சை அணைக்க மறந்திருந்தாலோ, அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருவுக்கு ஓடும். டிரான்ஸ்பார்மர் என்பது 11,000 வோல்ட்டை நம் வீட்டுக்கான 230 ஆகக் குறைத்துத் தருவது. பின்பக்கமாக 230 நுழைந்தால் அதுவே ஆயிரக்கணக்கில் ஏற்றிவிடும். கம்பியில் உயிரில்லை என நம்பிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் கதி என்ன? அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். மெயினை அணைத்துவிட்டோமே என்று வாதிப்போர் உண்டு. இருட்டில் வேறொருவர் அதைப் போட்டுவிட்டால்? பிளக் கழன்று விழுந்தால் அதன் வெறும் முனைகளிலும் மின்சாரம் நிற்கும்.

முறையான வழி, சேஞ்ச்ஓவர் சுவிட்சு வைப்பதே. தெரு மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் வர அது இடம் கொடாது. சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற மின் குத்தகையாளரைக் கொண்டே இதைப் பொருத்த வேண்டும். ஜெனரேட்டர் ஓடும்போதும் எர்த்தும் ஈ.எல்.சி.பி.யும் காப்பாற்றுமா என்று அவரிடமே சோதிக்கச் சொல்லுவோம். பொத்தானை அமுக்கிப் பார்ப்பது மட்டும் இதற்குப் போதாது.

இச்சுவிட்சு இல்லாத வீட்டார் சுவரைத் தொடவே வேண்டாம். ஜெனரேட்டரிலிருந்து தடித்த நீட்டு வயரில் குளிர்ப்பெட்டிக்கும் இரண்டொரு விளக்குக்கும் நேராகக் கொடுக்கலாம். 2,000 வாட் ஜெனரேட்டரில் தண்ணீர்க் கெட்டில் ஒன்றே எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்பதைப் பெண்மக்களுக்கும் சொல்லி வையுங்கள்.

மழைக்குப் பயந்து அதை ஐந்தடியிலோ சமையற்கட்டிலோ வைத்து ஓட்டுவது கூடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை, தூங்குகிறவர் எழுந்திருப்பதில்லை. கதவு, சன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, நனையாத மேட்டில் வைக்க வேண்டும். அப்படி ஓர் இடம் கிடைக்காத வெள்ளத்தில் மெழுகுவர்த்தியோ டார்ச்சோ போதும். பெட்ரோல் ஊற்றுவது, அணைத்து நன்றாக ஆறிய பிறகே.